கிருமித் தண்டு செல்லாம்!

'இனப்பெருக்கக் கிருமித் தண்டு செல்களைச் சமிக்ஞைப் பாதைகள் ஒழுங்குபடுத்துகின்றன.' அறிவியல் பக்கங்களில் இந்த மாதிரி வரி அடிக்கடி கண்ணில் படுகிறது. படிக்கிறவர் என்ன நினைப்பார்? கருப்பையில் தொற்று, முதுகுத்தண்டு வரை போய்விட்டது என்றுதான். ஆங்கிலத்தில் 'ஜெர்ம்லைன் ஸ்டெம் செல்' என்று இருந்ததன் மொழிபெயர்ப்பு அது. சொல்ல வந்ததோ, முட்டையும் விந்தும் எந்தச் செல்லிலிருந்து தொடர்ந்து உருவாகின்றன என்பதை.

'ஜெர்ம்' லத்தீனின் 'ஜெர்மென்' என்பதிலிருந்து வந்தது. முளை, துளிர் என்று பொருள். நோயின் முளை என்ற கணக்கில் நுண்ணுயிர்களுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. நம் 'கிருமி' வடமொழியில் புழு. இரண்டு சொற்களும் சந்திக்கும் இடம் நோய் ஒன்றுதான். அகராதியில் முதல் பொருளைப் பார்த்ததும் மூடிவைப்பவர்களுக்கு இது போதுமானதாக இருக்கிறது. கோதுமை முளை எண்ணெயைக்கூட 'கோதுமைக் கிருமி எண்ணெய்' ஆக்கி, முகத்தில் பூசச் சொல்கிறார்கள்!

'ஸ்டெம்' தண்டானதும் இதே கதையில்தான். அதற்கு மூலமான ஜெர்மன் சொல் 'ஸ்டாம்', அடிமரம், குலம் என்றும் பொருள். 1868இல் ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் 'ஸ்டாம்செல்லே' என்று எழுதியபோது அவர் மனத்தில் இருந்தது உயிர்களின் குலமரம். 1892இல் இன்னொரு உயிரியலாளர் தியோடோர் பொவேரி அதே சொல்லை, கருவுற்ற முட்டையிலிருந்து இனப்பெருக்கச் செல்கள் வரை இறங்கிவரும் வரிசைக்கு வைத்தார். தமிழில் ஸ்டெம் செல்லுக்குக் 'குருத்தணு' ஏற்கனவே புழக்கத்தில் இருக்கிறது. தென்னையில் மட்டைகள் முற்றி விழுந்துகொண்டே இருக்கும், குருத்து மட்டும் நிற்கும். பொருத்தமான பெயர், அப்படியே வைத்துக்கொள்ளலாம்.

என் சண்டை 'வித்தணு'வோடு. கிருமி தப்பு என்று கண்டுகொண்டவர்கள் இதை முன்வைக்கிறார்கள். வித்து நல்ல தமிழ், தனித்தமிழ் அன்பர்களுக்கும் மகிழ்ச்சி. ஆனால் 'விந்தணு'வுக்கும் இதற்கும் ஓரெழுத்துதான் வித்தியாசம். மெய்ப்புப் பார்ப்பவர் பிழை என்று நினைத்துத் திருத்திவிட்டால் சூலகத்துக்குள் விந்தணு வந்து உட்கார்ந்துவிடும். அது போகட்டும், பொருளே சரியில்லை.

பழ ஈயை எடுத்துக்கொள்வோம். அதன் முட்டைக்குழல் ஒவ்வொன்றின் நுனியிலும் இரண்டு மூன்று குருத்தணுக்கள்தான் இருக்கும், தொப்பி செல்களை ஒட்டிக்கொண்டு. தொப்பி செல்கள் டிபிபி என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது குருத்தணுவின் மேலுள்ள ஏற்பியில் பட்டால், உள்ளே மேட் என்ற புரதம் தூண்டப்பட்டு உட்கருவுக்குள் போகும், பேம் என்ற மரபணுவைப் படியெடுக்க விடாமல் தடுக்கும். பேம் அடங்கியிருக்கும் வரை குருத்தணு மாறாது. அது இரண்டாகப் பிரியும்போது தொப்பியை ஒட்டிய மகள் குருத்தணுவாகவே இருப்பாள். ஒரு செல் அகலம் தள்ளிப்போனவளுக்கு டிபிபி போதுமான அளவு கிடைக்காது. பேம் விழித்துக்கொள்ளும். அப்புறம் நான்கு முறை பிரிந்து 16 செல்கள். அவற்றில் ஒன்றுதான் முட்டை, மற்ற 15உம் அதற்கு ஊட்டும் செவிலிகள். டிபிபி குறைந்தால் குருத்தணுக்கள் தீர்ந்துபோகின்றன, மிகுந்தால் கட்டிபோலக் குவிகின்றன என்று 1998இல் ஆய்வாளர்கள் டிங் ஷியேயும் ஆலன் ஸ்ப்ராட்லிங்கும் காட்டினார்கள். ஆண் ஈயில் இந்த வேலையில் ஜேக்-ஸ்டாட் என்ற புரதச் சங்கிலி முக்கியம், எலியின் விதைப்பையில் ஜிடிஎன்எஃப் என்ற புரதம்.

இதில் வித்து எது? பதினாறில் ஒன்றான அந்த முட்டை. குருத்தணு வித்தாவதே இல்லை, வித்துகளை அனுப்பிவிட்டுத் தான் நின்றுகொள்கிறது. 'இனச்செல்' என்று சொல்லலாமே என்றால், நம் பாடநூல்கள் அதைக் கேமீட்டுக்கு, அதாவது முட்டைக்கும் விந்துக்கும், கொடுத்தாயிற்று (இலங்கையில் அது 'புணரி', அழகான சொல்).

'அவருக்குக் கால்வழி இல்லை' என்று ஊரில் சொல்வார்கள். சந்ததி, வாரிசுத் தொடர்ச்சி. உடல் செல்கள் உடலோடு போய்விடும், தலைமுறை தாண்டுவது முட்டையும் விந்தும் வரும் இந்த ஒரு வரிசைதான். ஆகவே 'கால்வழிக் குருத்தணு'. செல் என்றே எழுத விரும்புபவர்கள் 'கால்வழிக் குருத்துச் செல்' எனலாம், எனக்கு அதில் தகராறு இல்லை.

'சமிக்ஞைப் பாதை'யில் உண்டு. சமிக்ஞை வடமொழி என்பது என் குறை இல்லை, பாதைதான் குறை. டிபிபி உட்கரு வரை எங்கும் நடந்து போவதில்லை. ஏற்பியோடு அதன் வேலை முடிந்தது, மேற்கொண்டு மேட் பார்த்துக்கொள்கிறது. ஒன்று அடுத்ததைத் தூண்டும் வேலைக்குப் பாதை எதற்கு? 'சமிக்ஞைத் தொடர்' என்று எழுதினால் படிக்கிறவருக்கே புரிந்துவிடும்.