இடித்த வீட்டின் கல், நெல் உமியின் சாம்பல்: கொங்கிறீட்டில் எதைச் சேர்க்கலாம், சட்டம் எதைத் தடுக்கிறது

பழைய வீட்டை இடித்ததும் நம் திருகோணமலைப் பக்கத்தில் முதலில் நடப்பது, இடிபாட்டை டிராக்டரில் ஏற்றிக் குளக்கரையிலோ களப்போரத்திலோ கொட்டுவது. அடுத்த கிழமை அதே வளவுக்கு நிரப்புக்கல்லைக் காசு கொடுத்து இறக்குகிறோம். இது வீண் செலவு மட்டுமல்ல. உள்ளூராட்சி மன்றம் ஒதுக்கிய இடம் தவிர வேறெங்கும் கழிவு கொட்டுவதை, தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் வந்த 2009 ஆம் ஆண்டு ஒழுங்குவிதி தடுக்கிறது. ஆகவே இடிக்க முன்னரே பிரதேச சபையிலோ நகர மன்றத்திலோ எங்கே கொட்டலாம் என்று கேளுங்கள். இடிபாட்டில் திரும்பப் பயன்படுவதை எடுத்துவிட்டால், கொட்ட வேண்டியது எவ்வளவு குறைவு என்பது பிறகுதான் தெரியும்.

மணலுக்கும் கல்லுக்கும் சட்டம் இறுக்கமானது. 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டப்படி அனுமதிப்பத்திரமின்றி ஆற்று மணல் அகழ முடியாது. கிண்ணியாப் பக்கம் மகாவலிக் கரை அரித்துப் போவதைக் கண்டவர்களுக்கு இதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை. நிலாவெளி, உப்புவெளி, குச்சவெளிக்காரர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், உயர் நீர்மட்டக் கோட்டிலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றரைக் கரையோர வலயமாக்குகிறது. அங்கே வீடு கட்டவே தனி அனுமதி வேண்டும். முருகைக்கல் எடுப்பதோ அறவே கூடாது.

இடித்த கொங்கிறீட்டுக்கு வருவோம். அதை உடைத்தால் சல்லி கிடைக்கும். ஆனால் பழைய சாந்து ஒட்டியிருப்பதால் அது தண்ணீரைக் குடிக்கும். காய்ந்தபடி கலவையில் போட்டால் சீமெந்துக்குப் போக வேண்டிய தண்ணீரை இழுத்துவிடும். முதல்நாள் இரவே ஊறவைத்து, மேல்நீர் வடிந்த பிறகு சேர்க்க வேண்டும். நம் பொறியியலாளர்கள் பின்பற்றும் பிரித்தானியத் தரம், இப்படி உடைத்தெடுத்த சல்லியில் தெரிந்தெடுத்த சுத்தமானதை, கலவைக்குப் போடும் மொத்தச் சல்லியில் 20 வீதம் வரை ஏற்கிறது. முற்றப் பாதைக்கும் அத்திவாரத்தின் அடிக் கொங்கிறீட்டுக்கும் நான் தயங்காமல் சொல்வேன். தூண், பீம், பிளாட்டுக்கு (மேல்தளக் கொங்கிறீட்டுக்கு) பொறியியலாளர் சோதித்துச் சொன்னால் மட்டும். அஸ்பெஸ்டஸ் கூரைத் துண்டு எதையும் உடைக்கவே வேண்டாம். அந்தத் தூசு நெஞ்சுக்கு நஞ்சு. பழைய முருகைக்கல் சுவரும் உதவாது. அது மெதுமையானது, உப்பும் ஊறியிருக்கும்.

சாம்பல் வேறு கதை. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்து மிஞ்சும் பறக்கும் சாம்பல் சீமெந்தில் சேர்க்கப்படுகிறது. கடையில் பையைத் திருப்பிப் பாருங்கள்: எஸ்.எல்.எஸ். 1247 என்றிருந்தால் அது கலப்புச் சீமெந்து. சீமெந்து தண்ணீரோடு சேரும்போது சுண்ணாம்பு மிஞ்சும். சாம்பலிலுள்ள சிலிக்கா அதைப் பிடித்து மேலும் பசையாக்கும். நுண்துளைகள் அடைபடுவதால் கடலுப்பு கம்பி வரை போவது தாமதமாகும். உப்புக்காற்றில் பீம் வெடித்துக் கம்பி பிதுங்கி நிற்கும் வீடுகளைப் பார்த்து வளர்ந்த எனக்கு இதைவிடப் பெரிய நன்மை தெரியவில்லை.

ஆனால் சாம்பல் கலந்த கொங்கிறீட் மெதுவாகவே இறுகும். கச்சான் காற்றடிக்கும் நாட்களில் பிளாட் அன்று பின்னேரமே காய்ந்து வெளிறிவிடும். ஈரச்சாக்கோ வைக்கோலோ பரப்பி, முடிந்தால் 14 நாள் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டாம் நாளே நிறுத்தினால் சாம்பலின் பலன் வராது.

கந்தளாய் ஆலைகளில் குவியும் உமிச்சாம்பலிலும் சிலிக்கா நிறைய உண்டு. ஆனால் வெப்பத்தைக் கட்டுப்படுத்தி எரித்து, மாவாக அரைத்ததுதான் கொங்கிறீட்டுக்கு ஆகும். குவியலாக எரிந்த கருஞ்சாம்பலில் கரி மிஞ்சியிருக்கும், அது தண்ணீரை இழுக்கும். அதை அள்ளிப் பிளாட்டுக்குப் போட மேசன் யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள்.

எதைச் சேர்த்தாலும் வரைபடத்திலுள்ள வலிமை எண் மாறாது. கிறேட் 25 என்றிருந்தால், அந்தக் கலவையில் வார்த்த 150 மில்லிமீற்றர் கனசதுரக் கட்டி 28 ஆம் நாள் சதுர மில்லிமீற்றருக்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். கொங்கிறீட் போடும் அன்றே அதே கலவையில் கட்டிகள் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். சாம்பல் கலந்ததென்றால் 56 ஆம் நாள் உடைக்க இன்னும் இரண்டு கூடுதலாக எடுத்துவையுங்கள்.