முகமூடி உங்களுக்கு, தூசி குழந்தைக்கு

இந்த வருடம் என் பட்டறைக்கு வந்த மூன்றாவது தொட்டில் அது. நான்கு பக்கமும் சட்டம் வைத்த பழைய மரத்தொட்டில். கொண்டு வந்தவரின் தாத்தா செய்யச் சொல்லி வாங்கியதாம். "ஆறு மாதத்துக்கு முன்பு நானே பெயின்ட் அடித்தேன். இப்போது ஏடு ஏடாக உரிகிறது. சரிசெய்து கொடுங்கள்" என்றார்.

உரிந்ததில் எனக்கு வியப்பில்லை. உரிந்த ஏட்டைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் முழுக்க மாவு போலத் தூசி. உப்புத்தாள் போட்டுத் தேய்த்தவர் துடைக்காமலே பிரஷை எடுத்திருக்கிறார். தூசியின் மேல் அடித்த பெயின்ட் தூசியைத்தான் பிடித்துக்கொள்ளும், மரத்தைப் பிடிக்காது.

என்னைத் திடுக்கிட வைத்தது வேறொன்று. குழந்தை எழுந்து நின்று பிடித்துக்கொள்ளும் மேல்சட்டத்தில் சின்னச் சின்னப் பல் தடங்கள் இருந்தன. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடத்தின் ஓரத்திலும் மரத்தின் ஆண்டு வளையம் போல அடுக்குகள் தெரிந்தன. மேலே புது வெள்ளை, அதன் கீழ் ஆகாய நீலம், அதற்கும் கீழே பழைய மஞ்சள், பிறகு மரம்.

"எங்கே வைத்துத் தேய்த்தீர்கள்?" என்று கேட்டேன்.

"வெளியே மழை. அதனால் படுக்கையறையில்தான். ஆனால் முகமூடி போட்டுக்கொண்டுதான் தேய்த்தேன், சார்."

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். எத்தனை பேர், எத்தனை முறை! ஏதோ நற்சான்றிதழை நீட்டுவது போலச் சொல்கிறார்கள்.

முகமூடி என்ன செய்யும்? போட்டிருப்பவரின் மூக்குக்குள் தூசி போகாமல் தடுக்கும். அதுவும் முகத்தோடு பொருந்தும் என்95 வகையாக இருந்தால். துணி முகமூடிக்கு அந்தப் பெருமையும் இல்லை. சரி, நல்ல முகமூடியே போட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் மூச்சில் இழுக்காத தூசி எங்கே போயிற்று? மாயமாக மறைந்துவிட்டதா? அது தரையில், மெத்தையில், திரைச்சீலையின் மடிப்பில், உங்கள் சட்டையில் போய் உட்கார்ந்திருக்கிறது. வேலை முடிந்ததும் முகமூடியைக் கழற்றிவிட்டு, அதே சட்டையோடு குழந்தையைத் தூக்குகிறீர்கள். மறுநாள் குழந்தை அந்தத் தரையில் தவழ்கிறது. தவழும் குழந்தையின் கை ஒரு நாளைக்கு எத்தனை முறை வாய்க்குப் போகும் என்று எண்ணிப் பார்த்ததுண்டா? குழந்தைக்கு முகமூடி கிடையாது. இருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் விஷம் மூக்கு வழியாக அல்ல, விரல் வழியாகப் போகிறது. நீங்கள் தேய்த்தது ஒரு மணி நேரம். தூசி அந்த அறையில் மாதக்கணக்கில் குடியிருக்கும்.

விஷம் என்று நான் சொல்வது காரீயம். பெயின்ட் சீக்கிரம் காயவும், நிறம் எடுப்பாக இருக்கவும், நீடித்து உழைக்கவும் அந்தக் காலத்தில் தாராளமாகக் கலந்தார்கள். வெள்ளையில் மட்டுமல்ல, கண்ணைப் பறிக்கும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எல்லாவற்றிலும். இது நேற்றுக் கண்டுபிடித்த ஆபத்தும் அல்ல. கட்டடங்களின் உட்புற வேலையில் வெள்ளைக் காரீயத்தைத் தடுக்க 1921இலேயே சர்வதேச உடன்படிக்கை போட்டார்கள். அமெரிக்கா வீட்டுப் பெயின்ட்டில் காரீயத்தைத் தடை செய்தது 1978இல். இந்தியாவில் பத்து லட்சத்தில் 90 பங்கு என்ற உச்சவரம்பு நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். உங்கள் தாத்தாவின் அலமாரி எந்தக் காலத்தது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். "அந்தக் காலத்துப் பெயின்ட், என்ன தரம் பாருங்கள்" என்று தட்டிக் காட்டுகிறவர்களிடம் நான் இப்போதெல்லாம் பதில் சொல்வதில்லை.

காரீயத்துக்கு 'இவ்வளவு வரை பரவாயில்லை' என்ற அளவே தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாய் வழியாக உள்ளே போனதில் பெரியவர்களைவிட நான்கைந்து மடங்கு அதிகமாகக் குழந்தையின் உடல் உறிஞ்சிக்கொள்ளும். அது குழந்தையின் மூளையை என்ன செய்யும் என்பதைக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். நான் தச்சுப் பட்டறைக்காரன்.

நான் சொல்லக்கூடியது பட்டறை விஷயம். பழைய பெயின்ட் ஒட்டியிருக்கிற சாமானை உலர்வாகத் தேய்க்காதீர்கள். இயந்திரம் வைத்து ஒருபோதும் தேய்க்காதீர்கள். நீரில் நனையும் உப்புத்தாளை வாங்கி, நனைத்து நனைத்துத் தேய்த்தால் தூசி சேறாகிவிடும், பறக்காது. வீட்டுக்கு வெளியே, கீழே தடித்த பிளாஸ்டிக் விரித்து, குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே வராமல் பார்த்துக்கொண்டு செய்யுங்கள். முடிந்ததும் துடைப்பம் வேண்டாம், தூசியைக் கிளப்பிவிடும். சாதாரண வாக்குவம் கிளீனரும் வேண்டாம், முன்னால் உறிஞ்சிப் பின்னால் ஊதும். சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, அந்தத் துணியைச் சேற்றோடு பிளாஸ்டிக்கில் கட்டி அப்புறப்படுத்துங்கள். போட்டிருந்த உடையைத் தனியாகத் துவையுங்கள். மழை பெய்தால்? நாளைக்குச் செய்யுங்கள்! தொட்டில் எங்கும் ஓடிவிடாது.

காரீயம் சோதிக்கும் குச்சிகள் விற்கின்றன. வாங்குகிறவர்கள் மேலாக ஒரு தேய்ப்புத் தேய்த்துவிட்டு, நிறம் மாறவில்லை என்று மகிழ்ந்துபோகிறார்கள். மேலே இருப்பது போன வருடத்துப் பெயின்ட் ஐயா! மறைவான மூலையில் மரம் தெரியும்வரை கத்தியால் சாய்வாக வெட்டி, எல்லா அடுக்கிலும் தேய்த்துப் பார்க்க வேண்டும்.

தேய்ப்பதற்குப் பயந்து பெயின்ட் ரிமூவருக்குத் தாவுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. டப்பாவில் மெத்திலீன் குளோரைடு என்று இருந்தால் தொடாதீர்கள். உடலுக்குள் போய் அது கார்பன் மோனாக்சைடாக மாறுகிறது. மூடிய குளியலறையில் அதை வைத்து வேலை செய்த அனுபவசாலிகளே இறந்துபோயிருக்கிறார்கள். இதற்கு என்95 முகமூடியும் உதவாது, ஆவி அதற்குள் தாராளமாகப் புகும்.

மரத்துக்கு மெருகேற்ற ஆளிவிதை எண்ணெய் பூசித் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறிகிற பழக்கம் இருந்தால் இன்றே விட்டுவிடுங்கள். காயும்போது அது தானே சூடேறித் தானே தீப்பிடிக்கும். 1991இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் ஒரு 38 மாடிக் கட்டடம் எரிந்ததும், மூன்று தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்ததும் இப்படிப்பட்ட துணியால்தான். விரித்துக் காயப்போடுங்கள், அல்லது மூடியுள்ள தகர டப்பாவில் தண்ணீர் ஊற்றி அமுக்குங்கள்.

இவ்வளவும் சொன்னதால் பழைய சாமானை எல்லாம் தூக்கி எறியச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். என் பிழைப்பே அதுதான். பழைய பெயின்ட் கெட்டியாகப் பிடித்திருந்தால் அதைச் சீண்டாமல், சோப்புத் தண்ணீரால் கழுவி, ஒட்டும் பிரைமர் ஒரு கோட், மேலே பெயின்ட் இரண்டு கோட் என்று மூடிவிடலாம். புத்தக அலமாரிக்கும் படச் சட்டத்துக்கும் அது போதும். இழுப்பறை போல உராய்கிற இடத்துக்குப் போதாது. பல் படுகிற இடத்துக்கு, தயவுசெய்து, வேண்டவே வேண்டாம்.

தொட்டில்காரரிடம் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்யச் சொன்னேன். தலையாட்டிவிட்டு, "அப்படியானால் எந்த நிறம் அடிக்கலாம்?" என்று கேட்டார். எதுவும் அடிக்கப்போவதில்லை என்று சொல்லித் தொட்டிலை வாங்கி வைத்துக்கொண்டேன்.

நேற்று அவர் மனைவி தொலைபேசியில் பேசினார். ரத்தம் எடுத்தாயிற்று, முடிவு இன்னும் வரவில்லை. பல் பட்ட சட்டத்தை மட்டும் அறுத்துவிட்டுப் புதுச் சட்டம் போட்டுத் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். முடியாது, அம்மா என்றேன். தொட்டில் இப்போது பிளாஸ்டிக் சுற்றி, பட்டறையின் பின்சுவரில் மற்ற இரண்டு தொட்டில்களோடு சாய்ந்திருக்கிறது.