மஞ்சள் பையில் இல்லாத படம்

ஆச்சி மேசைமீது மஞ்சள் பையைக் கவிழ்த்தார். பேத்தியின் ஏழு வயதும் அதற்குள் இருந்தது. பிறந்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் சீட்டு, மூளை ஸ்கேன் மூன்று, வலிப்புக்கு எடுத்த இ.இ.ஜி. தாள்கள், கண், காது பரிசோதனை முடிவுகள், குதிகாலுக்கு அச்செடுத்துச் செய்த பிளாஸ்டிக் பட்டைக்கான ரசீதுகள் நான்கு. எல்லாவற்றையும் புரட்டிப் பார்த்தேன். இடுப்புக்கு எடுத்த எக்ஸ்ரே ஒன்றுகூட இல்லை.

“குளிப்பாட்டும்போது கால் விரியமாட்டேன் என்கிறது தம்பி. உடை மாற்றுவதற்குள் இரண்டு பேருக்கும் போதும் போதுமென்றாகிவிடுகிறது. இடது கால் கொஞ்சம் குட்டையாகவும் தெரிகிறது” என்றார். வலி என்று அழுகிறாளா என்று கேட்டேன். “இல்லையே, சிரித்துக்கொண்டுதான் இருப்பாள்.”

அன்று எடுத்த படத்தில் இடது தொடை எலும்பின் மேல்முனையிலிருக்கும் பந்து, அது பொருந்தியிருக்க வேண்டிய இடுப்பெலும்பின் கிண்ணத்தை விட்டு முழுவதும் வெளியே வந்திருந்தது. வலது பந்து பாதி வழியில் நின்றது.

காரைக்குடியில் எலும்பு மருத்துவனாக இருக்கிறேன். தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் எனச் சுற்றுவட்டாரத்திலிருந்து மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள, அதாவது வளரும் மூளையில் பட்ட காயத்தால் தசைகள் விறைத்து இயக்கம் கெட்ட குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். வருகிறவர்கள் முதலில் காட்டுவது குதிகாலை. “நுனிக்காலில் நடக்கிறான்”, “பாதம் தரையில் படவில்லை” என்பார்கள். அது கண்ணுக்குத் தெரிகிற குறை. இடுப்போ சதைக்கும் பாவாடைக்கும் அடியில் இருக்கிறது. அது நகர்வது தாய்க்கும் தெரியாது, தொட்டுப் பார்க்கிற மருத்துவருக்கும் பல நேரம் தெரியாது. படம் எடுத்தால்தான் தெரியும்.

மூளையில் பட்ட காயம் பட்ட அளவிலேயே நின்றுவிடுகிறது, பெரிதாவதில்லை. ஆனால் குழந்தை வளர்கிறது. எலும்பு நீள்கிறது, விறைத்த தசை அதற்கு ஈடுகொடுத்து நீள்வதில்லை. இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் நல்ல இடுப்போடுதான் பிறக்கிறார்கள். தொடையின் உட்புறத் தசையும் இடுப்பை மடக்கும் தசையும் இரவு பகலாக இழுக்கின்றன. நிற்பதும் நடப்பதும் தள்ளிப்போவதால் கிண்ணம் ஆழமாக வளர்வதில்லை. பந்து மெல்ல மேற்புறமாக வெளியே நழுவுகிறது. வலி வருவது கடைசியில், பந்தின்மேல் இருக்கும் குருத்தெலும்பு தேய்ந்த பிறகுதான். வலித்தால் பார்க்கலாம் என்று காத்திருப்பது, வெள்ளம் வாசலுக்கு வந்தபின் கண்மாய்க்கரையைப் பார்க்கப் போவதைப் போன்றது.

எந்தக் குழந்தைக்கு இந்த ஆபத்து அதிகம்? 1997இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் பலிசானோவும் உடன் பணியாற்றியவர்களும் குழந்தைகளின் இயக்கத்திறனை ஐந்து நிலைகளாகப் பிரித்தார்கள். துணையின்றி ஓடியாடுகிற குழந்தை முதல் நிலை. கைப்பிடி வண்டியைத் தள்ளிக்கொண்டு நடப்பது மூன்றாம் நிலை. தலையைக்கூடத் தாங்க முடியாமல் சாய்ந்தே இருக்கிற குழந்தை ஐந்தாம் நிலை. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 323 குழந்தைகளைத் தொடர்ந்து பார்த்து 2006இல் வெளியிட்ட ஆய்வில் மொத்தம் 35 சதவீதம் பேருக்கு இடுப்பு நகர்ந்திருந்தது. முதல் நிலையில் ஒருவருக்கும் இல்லை. ஐந்தாம் நிலையில் 90 சதவீதம்.

எங்கள் ஊர்ப்பக்கம் நடப்பது இதற்கு நேர்மாறு. தட்டுத்தடுமாறியாவது நடக்கிற பிள்ளையை எலும்பு மருத்துவரிடம் அழைத்து வருகிறார்கள். நடக்காத பிள்ளையை, “இது நடக்கப்போவதில்லையே, எலும்பைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?” என்று வளவில் பாய் விரித்துப் படுக்கவைத்துவிடுகிறார்கள். நடக்காத பிள்ளையும் உட்கார வேண்டாமா? இடுப்பு விலகினால் உட்காரும்போது உடம்பு ஒருபக்கம் சாய்கிறது, முதுகெலும்பு கோணுகிறது, பிட்டத்தில் புண் வருகிறது. கழுவிவிட முடியாமல் தாய் திண்டாடுகிறாள். பதினைந்து வயதில் வலி தொடங்கும்போது பிள்ளைக்குச் சொல்லத் தெரிவதில்லை. இரவெல்லாம் முனகுகிறது. அந்தக் கட்டத்தில் பந்தையே வெட்டி எடுப்பது போன்ற, எனக்குச் செய்யப் பிடிக்காத அறுவைகள்தான் மிச்சம்.

தெற்கு ஸ்வீடனில் 1994இல் ஒரு வேலை தொடங்கினார்கள். புதிய கத்தியோ புதிய மருந்தோ அல்ல. அந்தப் பகுதியில் மூளை முடக்குவாதம் உள்ள ஒவ்வொரு குழந்தையின் பெயரையும் ஒரு பதிவேட்டில் ஏற்றினார்கள். யாருக்கு எப்போது படம் எடுக்க வேண்டும் என்று நாள் குறித்தார்கள். மூன்றாம் நிலை முதல் ஐந்தாம் நிலை வரை எட்டு வயதுவரை ஆண்டுக்கொரு முறை. இரண்டாம் நிலைக்கு இரண்டு வயதிலும் ஆறு வயதிலும். முதல் நிலைக்கு, சந்தேகம் எழுந்தால் மட்டும். இருபது ஆண்டு கழித்துக் கணக்குப் பார்த்தார்கள். பதிவேடு வருமுன் 1990, 91இல் பிறந்த 103 குழந்தைகளில் 9 பேருக்கு இடுப்பு முழுவதும் விலகியிருந்தது. அடுத்து 1997 வரை பிறந்த 258 பேரில் 2 பேருக்கு. 1998 முதல் 2007 வரை பிறந்த 431 பேரில் ஒருவருக்குமில்லை.

அறுவை செய்யாமல் இது நடந்துவிடவில்லை. சரியான நேரத்தில் செய்தார்கள், அவ்வளவுதான். செட்டிநாட்டுக்காரர்களுக்கு நான் இதை விளக்கச் சிரமப்படுவதில்லை. பர்மாவிலும் மலேயாவிலும் கடை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்குப் பேரேடு என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டுமா? பெயர் எழுதாத கணக்கு வசூலாவதில்லை.

படம் எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் உண்டு. குழந்தையை மல்லாக்கப் படுக்கவைத்து, இரு முழங்கால் சில்லுகளும் மேல்நோக்கி இருக்க, கால்களை நேராக, ஒன்றுக்கொன்று இணையாக வைத்து, இடுப்பு ஒருபக்கம் திரும்பாமல் எடுக்க வேண்டும். கோணலாக எடுத்த படம் நல்ல இடுப்பைக் கெட்டதாகவும் கெட்டதை நல்லதாகவும் காட்டும். பந்தின் அகலத்தில் எத்தனை சதவீதம் கிண்ணத்தின் விளிம்புக்கு வெளியே இருக்கிறது என்று அளக்கிறோம். 30ஐத் தாண்டினால் விழித்துக்கொள்ள வேண்டும். 40ஐத் தாண்டினால் பெரும்பாலும் அறுவை. ‘நார்மல்’ என்று மட்டும் எழுதிய அறிக்கை எனக்குப் போதாது. அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

ஊசி போட்டுப் பட்டை கட்டினால் அறுவையைத் தவிர்க்கலாமா என்று கேட்காத பெற்றோர் இல்லை. நியாயமான கேள்விதான். ஆஸ்திரேலியாவில் 90 குழந்தைகளிடம் அதைச் சோதித்தே பார்த்தார்கள். ஒரு பாதிக்கு போட்டுலினம் ஊசியும் கால்களை விரித்துவைக்கும் பட்டையும் கொடுத்தார்கள், மறுபாதிக்குக் கொடுக்கவில்லை. நீண்டகாலத்தில் இடுப்பைக் காப்பதில் சொல்லும்படியான பலன் கிடைக்கவில்லை. விறைப்பைத் தளர்த்த அந்த ஊசிக்கு இடமுண்டு, நானும் போடுகிறேன். நகர்கிற பந்தை அது நிறுத்தாது. எண்ணெய் பிடித்துவிடுவதும் நிறுத்தாது. குழந்தைக்கு அது இதமாக இருக்கிறது என்றால் செய்யுங்கள். ஆனால் விரியாத காலைப் பலவந்தமாக விரிக்கிற கையில் பிள்ளையைக் கொடுக்காதீர்கள்.

இனி குதிகாலுக்கு வருகிறேன். அங்கே நான் ஒரு தவறு செய்திருக்கிறேன்.

தமிழில் நரம்பு, தசையை எலும்போடு பிணைக்கும் நாண், ரத்தக்குழாய் எல்லாமே பேச்சில் ‘நரம்பு’தான். குதிகால் நாணை நீட்டலாம் என்றால் “நரம்பை வெட்டினால் கால் விளங்காமல் போகுமே” என்று அஞ்சுகிறவர்கள் உண்டு. “நரம்பை வெட்டிவிடுங்கள், நடந்துவிடுவான்” என்று அவசரப்படுகிறவர்களும் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் இரண்டாவது வகைக் குடும்பமொன்றின் அவசரத்துக்கு நான் இணங்கினேன். நான்கு வயதுப் பையனின் இரு குதிகால் நாண்களையும் நீட்டினேன். ஒரு மாதம் எல்லோருக்கும் மகிழ்ச்சி, பாதம் தரையில் பதிந்தது. பத்து வயதில் அவன் பாதி உட்கார்ந்தபடி நடந்து வந்தான். நிற்கும்போது முழங்கால் மடங்காமல் தாங்குவது கெண்டைக்கால் தசைதான். தொடையின் பின்தசை இறுகிக்கிடக்க, கெண்டைக்காலை மட்டும் தளர்த்திவிட்டேன். குதிகால் எழும்பியது நோயல்ல, உடம்பு தேடிக்கொண்ட ஈடு என்பதை அந்தப் பையன் எனக்குக் கற்றுக்கொடுத்தான்.

(இந்த நோயை 19ஆம் நூற்றாண்டில் விரிவாக எழுதிய லண்டன் மருத்துவர் வில்லியம் ஜான் லிட்டிலுக்கே ஒரு கால் வளைந்திருந்தது. 1836இல் ஜெர்மனியில் ஸ்ட்ரோமயர் என்ற அறுவை மருத்துவர் அவருடைய குதிகால் நாணை வெட்டிச் சரிசெய்தார். லிட்டில் மகிழ்ந்துபோய் அந்த வித்தையை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அவருக்கு வந்திருந்தது இளம்பிள்ளை வாதம் என்பார்கள். அதில் தசை தளர்கிறது, மூளை முடக்குவாதத்தில் விறைக்கிறது. இரண்டையும் ஒன்றென்று நினைக்கிற பெற்றோர் இன்றும் இருக்கிறார்கள்.)

இப்போது ஒரு வருடம் குதிகால், மறுவருடம் முழங்கால், அதற்கடுத்து இடுப்பு என்று தவணை முறையில் வெட்டுவதில்லை. ஆண்டுதோறும் பிறந்தநாளை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கொண்டாடும் அந்தப் பிள்ளைகளின் நிலைக்கு டொராண்டோவின் எலும்பு மருத்துவர் மெர்சர் ரேங் ‘பிறந்தநாள் நோய்’ என்றே பெயர் வைத்தார். நடக்கிற குழந்தைக்கு ஏழெட்டு வயதுவரை பொறுத்து, எல்லா மூட்டுகளையும் சேர்த்து அளந்து, தேவையான அனைத்தையும் ஒரே அமர்வில் செய்வதுதான் இன்றைய வழி. 2011இல் மெல்பர்னில் இதைச் சோதித்த ஆய்வில் இருந்தவர்கள் வெறும் 19 குழந்தைகள். சிறிய ஆய்வு, ஆனால் நேர்மையானது. ஓராண்டில் நடை தெளிவாகத் திருந்தியது. மொத்த இயக்கத்திறன் கூடியதோ இரண்டாம் ஆண்டில்தான், அதுவும் ஐந்து சதவீத அளவுக்கு. ஆகவே அறுவைக்கு முன்பே சொல்லிவிடுகிறேன்: முதல் ஆறு மாதம் பிள்ளை முன்பைவிட மோசமாக நடப்பான், என்னைத் திட்டுவீர்கள்.

நடையை அளக்கக் கருவிகள் நிறைந்த ஆய்வகம் எல்லா ஊரிலும் இல்லை. செட்டிநாட்டு வீடு இருக்கிறது. வாசல் நிலையிலிருந்து பின்கட்டு வரை கதவுகள் நேர்கோட்டில் நிற்க, தரை முழுக்க ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கும். கல் ஒன்றை அளந்துகொண்டு, பிள்ளையை வெறுங்காலில், முழங்கால் தெரியும் கால்சட்டையோடு நடக்கவிட்டு, முன்னாலிருந்து ஒன்றும் பக்கத்திலிருந்து ஒன்றுமாகக் கைபேசியில் படம் பிடித்து வாருங்கள் என்கிறேன். எத்தனை கல்லுக்கு ஓர் எட்டு என்று எண்ணிவிடலாம். கேமராவை இடுப்பு உயரத்தில் பிடியுங்கள். பேரனை உற்சாகப்படுத்துகிறேன் என்று ஐயா குறுக்கே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதே வீடு அறுவைக்குப் பின் பகையாகிவிடுகிறது. தெருவிலிருந்து திண்ணைக்குப் படிகள், ஒவ்வொரு கட்டுக்கும் உயரமான நிலைப்படி, கழிப்பறையோ கொல்லையில். இடுப்பு முதல் பாதம் வரை மாவுக்கட்டோடு ஆறு வாரம் இருக்கப்போகிற பிள்ளைக்கு முகப்பிலேயே கட்டில் போட்டுவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவையுங்கள். சித்திரை வெயிலைத் தவிர்த்து நாள் குறிக்க முடிந்தால் நல்லது, கட்டுக்குள் வியர்த்துப் புண்ணாகும். கட்டைப் பிரித்த பின் அவசரமாக முழங்காலை மடக்காதீர்கள். அசையாமல் கிடந்த எலும்பு மெலிந்திருக்கும், தொடை முறிந்துவிடும்.

பணத்துக்கு: மாற்றுத்திறனாளி அடையாள அட்டையை முதலில் எடுங்கள். முதலமைச்சரின் காப்பீட்டில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் மூளை முடக்குவாதமும் அடங்கும், அதன் நிராமயா காப்பீட்டில் 1 லட்சம் வரை கிடைக்கும். இரண்டும் தெரியாமல் நகையை அடகு வைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆச்சியின் பேத்திக்கு இரண்டு பக்கமும் ஒரே நாளில் செய்தோம். தொடை எலும்பை வெட்டித் திருப்பி, இடதில் கிண்ணத்துக்கும் கூரை கட்டினோம். அவள் நடக்கப்போவதில்லை, அதை முன்பே சொல்லியிருந்தேன். இப்போது சக்கர நாற்காலியில் சாயாமல் உட்காருகிறாள். ஆச்சி புதிதாக நீள நோட்டு ஒன்று வாங்கி, படம் எடுத்த தேதி, வலது எண், இடது எண் என்று கோடு போட்டு எழுதுகிறார். போன முறை மேசையில் அதை வைத்துவிட்டு, “பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் மூன்று வயதாகிறது தம்பி, இன்னும் உட்காரவில்லை. அவன் பெயரை அடுத்த பக்கத்தில் எழுதட்டுமா?” என்றார். வியாழக்கிழமை அழைத்து வரச் சொல்லியிருக்கிறேன்.