பந்து பறிபோகும் பயத்துக்கு என்ன விலை?

1906 செப்டம்பர் 5 அன்று, செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகத்தின் பிராட்பரி ராபின்சன் அமெரிக்கக் கால்பந்தின் முதல் சட்டபூர்வமான முன்பாஸை, அதாவது எதிரணிப் பக்கமாக முன்னோக்கி எறியும் பாஸை, வீசினார். பந்து யார் கையிலும் படாமல் தரையில் விழுந்தது. அன்றைய விதிப்படி அப்படி விழுந்த பந்து எதிரணிக்கு. ஆக, முதல் பாஸே டர்ன்ஓவர், அதாவது பந்து எதிரணிக்குப் பறிபோனது. அதே ஆட்டத்தில் அவர் மறுபடி வீசி டச்டவுனும் (பந்தை எதிரணியின் கோல் கோட்டுக்கு அப்பால் சேர்த்துப் பெறும் புள்ளிகள்) வாங்கிக் கொடுத்தார். ஆனால் பல பயிற்சியாளர்கள் மனத்தில் தங்கிப்போனது முதல் வீச்சுதான்.

இந்த ஆட்டத்தில் 10 கெஜம் முன்னேற நான்கு முயற்சிகள் உண்டு. ஒவ்வொன்றும் ஒரு டவுன். மூன்றில் முடியாவிட்டால், பெரும்பாலும் நான்காவதில் பந்தைத் தூர உதைத்து எதிரணியிடம் விட்டுவிடுவார்கள். இது பன்ட். எதிரணி வீரர் பாஸை இடைமறித்துப் பிடித்தால் அது இன்டர்செப்ஷன். இரண்டிலும் பந்து கைமாறத்தான் செய்கிறது. ஆனால் இரண்டாவதை மட்டுமே அவமானமாகப் பார்க்கிறார்கள்.

அந்தப் பயத்தின் உருவம் வுடி ஹேய்ஸ். 1951 முதல் 1978 வரை ஒஹாயோ ஸ்டேட் அணியின் பயிற்சியாளர். பந்தை அணைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் முட்டி மோதி மூன்று மூன்று கெஜமாக நகர்வதுதான் அவர் பாணி. அப்படியே 200 ஆட்டங்களுக்கு மேல் வென்றார். 1978 கேட்டர் பவுல் என்ற கல்லூரிப் போட்டியின் கடைசி நிமிடங்களில் அவருடைய அணியின் பாஸை கிளெம்சன் வீரர் ஒருவர் பறித்தார். ஹேய்ஸ் அந்த வீரரை அடித்துவிட்டார். மறுநாள் வேலை போயிற்று.

பாஸ் வீசினால் மூன்று நடக்கலாம் (நம் ஆள் பிடிப்பது, தரையில் விழுவது, எதிரணி பறிப்பது), அதில் இரண்டு கெட்டவை என்று பழைய பயிற்சியாளர்கள் சொல்வதுண்டு. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் மூன்றும் ஒரே அளவில் நடப்பதில்லை. அமெரிக்கத் தொழில்முறை லீகான என்எஃப்எல் அணிகள் இன்று வீசும் 100 பாஸ்களில் 60-க்கு மேல், பிடிக்க வேண்டிய சக வீரரான ரிசீவர் கைக்குப் போகின்றன. எதிரணி பறிப்பது இரண்டு சொச்சம். 1970-களில் அது ஐந்தைத் தாண்டியிருந்தது. இழப்பின் வலி அதே அளவு லாபத்தின் மகிழ்ச்சியைவிடப் பெரிது என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வர்ஸ்கியும் 1979-இல் விளக்கினார்கள். பயிற்சியாளரும் மனிதர்தானே, நூற்றில் பறிபோகும் அந்த இரண்டுதான் அவர் கண்ணில் நிற்கிறது.

பயத்துக்கு விலை போட முனைந்தவர்களில் ஒருவர் களத்தில் ஆடிய குவார்ட்டர்பேக் (பாஸ் வீசும் வீரர்) என்பது எனக்குத் தீராத வியப்பு. சின்சினாட்டி பெங்கால்ஸ் அணியின் வர்ஜில் கார்ட்டர், ராபர்ட் மாக்கோலுடன் சேர்ந்து, மைதானத்தின் எந்த இடத்தில் பந்து கையில் இருந்தால் சராசரியாக எத்தனை புள்ளி மதிப்பு என்று கணக்கிட்டு 1971-இல் வெளியிட்டார். சொந்தக் கோல் கோட்டை ஒட்டிப் பந்து இருந்தால் அதன் மதிப்பு பூஜ்யத்துக்கும் கீழே! அதே கார்ட்டருக்குத் தூர வீசும் கைவலு கிடையாது. உதவிப் பயிற்சியாளர் பில் வால்ஷ் அவருக்காகக் குறுகிய, பக்கவாட்டுப் பாஸ்களை வைத்து ஒரு முறையைக் கட்டினார். 1971-இல் பாஸ் வெற்றி விகிதத்தில் கார்ட்டர்தான் லீகிலேயே முதல். பின்னாளில் வால்ஷ் அதே முறையோடு சான் பிரான்சிஸ்கோ அணிக்கு லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பவுலை மூன்று முறை வென்று கொடுத்தார். பாஸையே ஒதுக்கிய ஹேய்ஸைப் போலன்றி, பந்து காற்றில் இருக்கும் நேரத்தைக் குறைத்தார் வால்ஷ்.

அந்த நேரம்தான் விஷயம். கல்லூரி ஆட்டத்தில் இடப்பக்க ஹேஷ் குறியருகிலிருந்து (மைதான ஓரத்துக்கு உள்ளே தள்ளி இருக்கும் குறி) வலது ஓரத்துக்கு, 15 கெஜம் முன்னால் நிற்கும் ரிசீவருக்கு வீசினால் பந்து உண்மையில் சுமார் 40 கெஜம் பறக்க வேண்டும். ஒன்றரை நொடிக்கு மேல் ஆகும். குவார்ட்டர்பேக்கின் தோள் திரும்புவதைப் பார்த்ததும் பாய்கிற தடுப்பாளர் அதற்குள் பத்து மீட்டர் வரை ஓடிவிடுவார். அங்கே பறிபோனால் எதிரில் தடுக்க ஆளே இருக்காது. இந்தப் பாஸுக்கு அஞ்சுவது சரியான அச்சம்.

மற்றபடி, ஒரு இன்டர்செப்ஷனை 45 கெஜ இழப்பாக வைத்துக் கணக்கிடுவது ஆய்வாளர்களின் வழக்கம். ஒரு வீச்சுக்குச் சராசரி 7 கெஜம் என்றால் 100 வீச்சுக்கு 700. இரண்டு பறிபோனால் 90 கழித்து 610 மிச்சம். அதே 100 முறை பந்தைக் கையில் ஏந்தி ஓடினால் 430 சொச்சம்தான். வீசுமுன்பே குவார்ட்டர்பேக் வீழ்த்தப்பட்டு இழக்கும் கெஜங்களைக் கழித்தாலும் பாஸ்தான் முன்னே நிற்கிறது. 336 இன்டர்செப்ஷன்களோடு லீக் சாதனையையே வைத்திருக்கும் பிரெட் ஃபார்வ், தொடர்ந்து மூன்று ஆண்டுகள் மிகச் சிறந்த வீரர் விருதும் பெற்றவர்.

பயம் அதிகம் கெடுப்பது மூன்றாவது டவுனில். சொந்த 30 கெஜக் கோட்டில் பந்து, தேவை 12 கெஜம். பயந்த பயிற்சியாளர் நான்கு கெஜப் பாஸ் ஒன்றைச் சொல்வார். அது கைக்குப் போகும், பிறகு பன்ட். துணிந்து 40 கெஜம் வீசி, அது பறிபோய், பிடித்தவர் அங்கேயே வீழ்த்தப்பட்டால் எதிரணி தன் 30-இல் தொடங்கும். நல்ல பன்ட்டும் ஏறக்குறைய அங்கேதான் கொண்டுபோய் விடும். பறித்தவர் திரும்பி ஓடிவிடும் ஆபத்து மட்டும் சற்றுக் கூடுதல். அதே பாஸை முதல் டவுனில் வீசிப் பறிகொடுத்தால் கணக்கு வேறு: பயன்படுத்தாத இரண்டு முயற்சிகளும் சேர்ந்து போய்விடும்.