இரண்டு மகுடம், ஆளுக்குப் பாதி

"கூர்நோக்கு இல்லத்துப் பையன்களுக்கு மேளம் சொல்லிக் கொடுத்தால் திருந்திவிடுவார்களா?" என்று, வழக்கில் சிக்கிய சிறுவர்களை வைத்திருக்கும் இல்லங்களைப் பற்றிப் பாளையங்கோட்டை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். கிண்டல் தொனிக்கிறது. ஆனாலும் நல்ல கேள்வி.

பதின்ம வயதில் ஆத்திரம் முந்தும். அதற்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி முழுதாக முதிர இருபத்தைந்து வயது பக்கம் ஆகிவிடும். இது தெரிந்த கதைதான். எனக்குப் பிடித்தது அடுத்த விஷயம்.

நம் தென்மாவட்டக் கோயில் கொடைகளில் நடக்கும் கணியான் கூத்தில் உச்சம், மந்தம் என்று இரண்டு மகுடம்; மகுடம் என்பது தோல் மேளம். தீயில் வாட்டித் தோலை முறுக்கேற்றி அடிக்க ஆரம்பித்தால், இரண்டும் ஒரே கை அடித்ததுபோல விழும். அடுத்தவர் அடியைக் கேட்ட பிறகு கையை ஓங்கினால் காரியம் கெட்டுவிடும். காதில் விழுந்து கை அசையவே 150 மில்லி விநாடி போல ஆகும். அதனால் அடுத்த அடி எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே கணிக்கிறது. கணக்கு பிசகினால் அடுத்த அடியில் சரிசெய்கிறது.

இந்தச் சரிசெய்தலில்தான் வேடிக்கை. உச்சம் 40 மில்லி விநாடி முந்திவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எட்டிப் பிடிக்க மந்தக்காரர் 40 முந்துகிறார்; அதே நேரம் உச்சக்காரர் 40 பிந்துகிறார். இப்போது மந்தம் 40 முன்னால்! அடுத்த அடியில் மறுபடி உல்டா. இரண்டு பேரும் முழுசாகத் திருத்தினால் ஒருநாளும் சேராது. இரண்டு பேரும் அடம்பிடித்தாலும் சேராது. ஆளுக்கு 20 விட்டுக்கொடுத்தால் அடுத்த அடியிலேயே சேர்ந்துவிடும். நிஜக் கைகள் இவ்வளவு துல்லியமாக அடிக்காது. ஆனால் பிசகில் ஒரு பங்கை மட்டும் ஒவ்வொரு அடியிலும் திருத்துவதுதான் மூளையின் வழக்கம். யோசிக்காமலே அது நடக்கிறது.

சரி, இதனால் குணம் மாறுமா? ஜெர்மனியின் லைப்சிக் ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட சோதனையில், சேர்ந்து பாடி ஆடிய 4 வயதுக் குழந்தைகள், பாட்டில்லாமல் விளையாடியவர்களைவிட அதிகமாக ஒருவருக்கொருவர் உதவினார்கள். குழந்தைகளுக்குச் சரி. வழக்கில் சிக்கிய பதினாறு வயதுப் பையன் மறுபடி தப்பு செய்ய மாட்டான் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.

"அதெல்லாம் பிறவிக் குணம்" என்பவர்களுக்கு ஒன்று: முழுச் சாதிகளையே பிறவிக் குற்றவாளிகளாக எழுதிவைத்த 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டமும் இதையேதான் சொன்னது. 1911இல் நம் பக்கமும் வந்த அதன் அடுத்த வடிவம்தான் பெரியவர்கள் சொல்லும் கைரேகைச் சட்டம். அறிவியல் வேஷம் போட்ட மூடநம்பிக்கை.

அப்படியானால் மேளம் திருத்துமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? பையன்களில் ஒரு குழுவுக்கு மகுடமோ வில்லுப்பாட்டோ, இன்னொரு குழுவுக்கு அதே வாத்தியார், அதே நேரம், கேரம் போர்டு. அப்புறம் வெளியே வந்த பிறகும் இரண்டு வருஷம் விசாரித்துப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பலன் தாளத்தாலா, அன்பாகப் பேசிய வாத்தியாராலா என்று பிரிக்க முடியாது. கோடிக்கணக்கில் கருவி வாங்கும் பல்கலைக்கழகங்களுக்கு இது ஓர் ஆராய்ச்சி மாணவரின் உதவித்தொகைச் செலவுதான்.