உப்புக்குத் துணையாக நாலு அரிசி

சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடி நிலையத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருச்சியிலிருந்து குடிவந்து மூன்று மாதமே ஆன அக்கா ஒருவர் வீட்டு உப்பு டப்பாவைப் பற்றிப் புலம்பினார். "கவுத்துப் போட்டுத் தட்டினாலும் விழ மாட்டேங்குது." தே சி (பால் தேநீர்) உறிஞ்சிக்கொண்டிருந்த நண்பர் நிமிராமலே சொன்னார்: "ஊரை விட்டு வந்த உப்புல்ல, அழுவுது. வறுத்த அரிசி நாலைத் துணைக்குப் போடுங்க அக்கா."

மேசையே சிரித்தது. ஆனால் உப்பு அழுவது உண்மைதான்.

சமையல் உப்புக்கு ஓர் எல்லைக்கோடு உண்டு. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால், அது காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி 80க்கும் மேல். சராசரியைவிட, அன்றாட ஏற்ற இறக்கம்தான் வில்லன். விடியலுக்கு முன் ஈரப்பதம் 90ஐத் தாண்டும். மழையில்லாத பிற்பகலில் 60 வரை இறங்கும். இரவில் ஒவ்வொரு துகள் மேலும் மெல்லிய உப்புநீர்ப் படலம் பூக்கும். பகலில் அது காயும்போது, பக்கத்துத் துகளுக்கும் இதற்கும் நடுவே புதுப் படிகம் பாலம் போட்டுவிடும். நனையும்போது அல்ல, காயும்போதுதான் உப்பு கட்டியாகிறது.

வறுத்த அரிசி ஈரம் இழந்த அரிசி. அதன் மாவுச்சத்து, போன ஈரத்தைத் திரும்பப் பிடித்துக்கொள்ளும். துளை போட்ட மூடிக்குள் அது எத்தனை நாள் தாங்கும்? சீக்கிரமே அதுவும் நிரம்பிவிடும். அதற்குப் பிறகு டப்பாவைக் குலுக்கும்போது பாலங்களை இடித்து உடைப்பதுதான் அதன் வேலை. என் கணக்கில் இந்த இரண்டாவது வேலைக்கே மதிப்பு அதிகம்.

இதே யோசனையை அக்காவின் மாமியார் போனில் இரண்டு தடவை சொல்லியிருந்தாராம். காதில் ஏறவில்லை. நண்பர் சொன்னது ஏறியது. உளவியலாளர் ஸ்டீஃபன் ஷ்மிட் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதற்குக் காரணம் காட்டுகிறது: வேடிக்கையான வாக்கியங்களையும் சாதாரண வாக்கியங்களையும் கலந்து கொடுத்தால், வேடிக்கையானவைதான் அதிகம் நினைவில் நின்றன. தனித்தனிப் பட்டியலாகக் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. எதிர்பாராமல் வருவதை மூளை கவனிக்கிறது. எல்லாமே ஜோக் என்றால் எதுவும் எதிர்பாராதது இல்லை. காலையிலிருந்து இரவு வரை கடிக்கும் மாமாக்கள் கவனிக்க.

நண்பரின் ஜோக் அப்படி ஒன்றும் பிரமாதமில்லை, அதைச் சொல்லியாக வேண்டும். பிறகு ஏன் மேசையே சிரித்தது? அதற்கும் விடை இருக்கிறது. சிரிப்பை ஆராய்ந்த உளவியலாளர் ராபர்ட் புரோவைன் பொது இடங்களில் ஏறத்தாழ 1,200 சிரிப்புகளைக் கவனித்துக் குறித்தார். நகைச்சுவை என்று சொல்லத்தக்க பேச்சுக்குப் பின் வந்தவை ஐந்தில் ஒன்றுகூட இல்லை. மற்றவை "சரி, அப்புறம் பாக்கலாம்" ரகப் பேச்சுகளுக்கு வந்தவை. சேர்ந்து சிரிக்கும்போது மூளையில் எண்டார்ஃபின் சுரப்பதாக 2017இல் பின்லாந்து ஆய்வாளர்கள் மூளைப் படம் எடுத்துக் காட்டினார்கள். வலி குறைக்கும் அதே பொருள்தான். அந்த இதத்தில் சொன்னவர் நம்மவராகிவிடுகிறார், சொன்னதும் நம்பத்தக்கதாகிவிடுகிறது.

சிக்கலும் அங்கேதான். போன மாதம் என் கைப்பேசி தண்ணீர்த் தொட்டியில் விழுந்தது. அதே நண்பர், அதே குரல்: "அரிசிக்குள்ள புதைங்க, பிரியாணி ஆகறதுக்குள்ள எடுத்துடுங்க." சிரித்துக்கொண்டே புதைத்தேன். அரிசி சுற்றியுள்ள காற்றின் ஈரத்தைத்தான் பிடிக்கும். கருவிக்குள் சிக்கிய நீரை உறிஞ்சி எடுக்காது. அரிசிப் பையில் வைக்காதீர்கள், துணுக்குகள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று ஆப்பிள் நிறுவனமே சொல்கிறது. சார்ஜ் துளை கீழே இருக்கும்படி பிடித்து மெல்லத் தட்டி, காற்றோட்டத்தில் வைப்பதே நல்லது.

சார்ஜ் துளையிலிருந்து குண்டூசியால் நேற்றுகூட ஒரு குருணையை எடுத்தேன்.