ஒரே புகை, இரண்டு விஸ்கி: லாகவூலினும் கால் ஈலாவும்

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் ஐலா தீவில் வசிப்பவர்கள் மூவாயிரத்துச் சொச்சம் பேர்தான். அங்கிருந்து வரும் புகை மணக்கும் சிங்கிள் மால்ட் விஸ்கிகளுக்கோ உலகம் முழுக்க ரசிகர்கள். அவர்களில் இரண்டு பேர் சேர்ந்துவிட்டால் பேச்சு சீக்கிரமே ஓர் எண்ணில் வந்து நிற்கும்: "இது எத்தனை பி.பி.எம்.?"

பத்து லட்சம் பங்கில் எத்தனை பங்கு பீனால் (புகை வாசனை தரும் சேர்மங்கள்) என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. எண் பெரிதாக இருந்தால் புகையும் அதிகம் என்று பலரும் நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்க லாகவூலின் 16, கால் ஈலா 12 (எண்கள் விஸ்கியின் வயது, வருஷத்தில்) என்ற இரண்டையும் விடப் பொருத்தமான ஜோடி எனக்குத் தெரிந்து கிடையாது. இரண்டும் ஐலாவில் உருவாகின்றன. இரண்டுக்கும் சொந்தக்காரர் டயாஜியோ நிறுவனம். இரண்டுக்கும் பார்லி மால்ட் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) வருவது தீவின் தெற்கே உள்ள போர்ட் எல்லன் மால்ட் ஆலையிலிருந்து. இரண்டின் மால்ட்டிலும் பீனால் சுமார் 35 பி.பி.எம். இரண்டும் 43 சதவீத ஆல்கஹாலில்தான் பாட்டிலில் அடைக்கப்படுகின்றன.

ஆனால் ஊற்றிக் குடித்தால் வேறு வேறு ஊர்ச் சரக்கு போல இருக்கும். லாகவூலின் கனமானது. தார், சாம்பல், உலர்திராட்சை இனிப்பு எல்லாம் வரும், விழுங்கிய பிறகும் புகை நெடுநேரம் தொண்டையில் தங்கும். கால் ஈலாவில் முதலில் எலுமிச்சைத் தோல் வரும், அப்புறம் லேசான எண்ணெய் வழவழப்பு, அதற்கடுத்துத்தான் புகை. அந்தப் புகையும் மெலிசானது, சுத்தமானது. (நிறத்தை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். கேரமல் நிறமி சேர்க்க ஸ்காட்ச் சட்டம் அனுமதிக்கிறது.)

ஒரே புகை எப்படி இரண்டாகப் பிரிகிறது?

புகை எங்கிருந்து வருகிறது என்று முதலில் பார்த்துவிடலாம். ஐலாவில் மரங்கள் குறைவு, சதுப்பு நிலம் அதிகம். பாசி, புல், குறும்புதர் எல்லாம் நீர் தேங்கிய அமில மண்ணில் செத்து விழும். காற்று புகாததால் முழுசாக மக்காமல் அடுக்கடுக்காகப் படியும். அதுதான் பீட், தமிழில் முற்றா நிலக்கரி என்பார்கள். வருஷத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டர் ஆழத்தில் வெட்டியெடுக்கும் துண்டு ஆயிரம் வருஷம் முன்பு உயிரோடு இருந்த செடி என்று வைத்துக்கொள்ளலாம். விறகு கிடைக்காத தீவுக்காரர்கள் அதைத்தான் எரித்தார்கள், முளைகட்டிய பார்லியையும் அதில்தான் காயவைத்தார்கள்.

ஈரம் முக்கியம். முளைவிட்ட பார்லி சூளைக்குள் போகும்போது அதன் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத் தண்ணீர் இருக்கும். அந்த ஈர உமிதான் புகையைப் பிடித்துக்கொள்கிறது. நன்றாகக் காய்ந்துவிட்ட தானியத்தில் புகை அவ்வளவாக ஒட்டாது. அதனால் பீட்டை கொழுந்துவிட்டு எரியவிடாமல் கனிந்து புகையவிடுவார்கள், அதுவும் உலர்த்தலின் முதல் கட்டத்திலேயே. செடிகளிலுள்ள லிக்னின் போன்ற பொருட்கள் சூட்டில் உடைந்து பீனால், கிரெசால், குவாயகால் என ஒரு பெரிய குடும்பமாகப் புகையில் ஏறி உமியில் படிகின்றன.

இந்தக் குடும்பத்தின் வாசனை நமக்குப் புதிதல்ல. 1865இல் கிளாஸ்கோவில் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் புண்களில் சீழ் வைக்காமலிருக்கக் கார்பாலிக் அமிலம் தடவினார். கார்பாலிக் அமிலம் என்பது பீனாலின் பழைய பெயர். ஐலா விஸ்கியை முதல் தடவை முகர்பவர்களில் பலர் "ஆஸ்பத்திரி வாடை" என்று முகம் சுளிப்பார்கள். பினாயில் ஊற்றித் துடைத்த வார்டு நினைவுக்கு வந்தால் மூக்கின் மேல் தப்பில்லை, ரசாயனத்தில் அது நெருங்கிய உறவுதான்.

பி.பி.எம். எண்ணின் முதல் பலவீனம் இங்கேயே தெரிகிறது. அது எல்லாரையும் ஒரே தலையாக எண்ணுகிறது. ஆனால் மூக்கு அப்படி எண்ணுவதில்லை. பீனாலை உணர ஓரளவு கணிசமான அளவு வேண்டும். குவாயகாலோ, சில கிரெசால்களோ அதைவிடப் பல மடங்கு குறைவாக இருந்தாலே போதும். குவாயகால் தருவது விறகுப்புகை வாசனை, கிரெசால் தருவது தாரும் மருந்தும். மொத்தக் கணக்கு ஒன்றாக இருந்தும் உள்ளே யார் எத்தனை பேர் என்பது மாறினால் விஸ்கியே மாறிவிடும்.

இரண்டாவது பலவீனம் இன்னும் பெரியது. 35 பி.பி.எம். என்பது மால்ட்டில் அளந்தது, பாட்டிலில் அளந்தது அல்ல. மால்ட்டை அரைத்து வெந்நீரில் ஊறவைத்து இனிப்பு நீரைப் பிரிக்கும்போது உமியோடு ஒரு பகுதி போய்விடும். நொதித்தலிலும் கொஞ்சம் குறையும். பிறகு காய்ச்சி வடிக்கும்போதுதான் பெரிய இழப்பு. எல்லாம் முடிந்து புதிய சாராயத்தில் மிஞ்சுவது பெரும்பாலும் பாதிக்கும் கீழேதான். எவ்வளவு மிஞ்சும், எது மிஞ்சும் என்பது ஒவ்வொரு வடிசாலையின் கையில் இருக்கிறது.

சரி, செம்புக் கலனுக்குள் போவோம். இந்த இரண்டு விஸ்கியும் பிரிவது இங்கேதான்.

மால்ட் விஸ்கியை வழக்கமாக இரண்டு முறை காய்ச்சுவார்கள். நொதித்த நீரில் ஆல்கஹால் எட்டு சதவீதம் போல இருக்கும். முதல் காய்ச்சலில் அது இருபது சதவீதத்துக்கு மேல் ஏறும். இரண்டாவது காய்ச்சலில் வருவதை மூன்றாகப் பிரிப்பார்கள். முதலில் வரும் காட்டமான பகுதி வேண்டாம், கடைசியில் வரும் கனத்த பகுதியும் வேண்டாம். இரண்டையும் அடுத்த முறை காய்ச்ச ஒதுக்கிவைத்துவிட்டு, நடுவில் வருவதை மட்டும் பீப்பாய்க்கு அனுப்புவார்கள்.

பீனால் இதில் எப்போது வரும்? ஆல்கஹால் 78 டிகிரியில் கொதிக்கிறது. பீனாலுக்கு 182 டிகிரி வேண்டும், குவாயகாலுக்கு 205. கலனுக்குள் சூடு நூறைத் தாண்டுவதில்லை. அப்படியானால் பீனால் வரவே கூடாதே என்று தோன்றும். அது தானாகக் கொதிப்பதில்லை, நீராவியோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்புகிறது. ஆல்கஹாலில் பீனால்கள் நன்றாகக் கரையும், தண்ணீரில் அந்த அளவுக்குக் கரையாது. கலனில் ஆல்கஹால் நிறைய இருக்கும்வரை அவை அதைப் பிடித்துக்கொண்டு கீழேயே கிடக்கும். ஆல்கஹால் தீர்ந்து வெறும் தண்ணீர் மிஞ்ச மிஞ்சத்தான் பிடி விட்டு ஆவியில் ஏறும். அதனால் புகை எப்போதும் பிந்தித்தான் வரும். குடித்த கிளாஸைக் கழுவாமல் வைத்து மறுநாள் முகர்ந்து பாருங்கள். ஆல்கஹாலும் பழ வாசனையும் பறந்திருக்கும், புகை மட்டும் உட்கார்ந்திருக்கும். எளிதில் ஆவியாகாத அதே குணம்தான்.

எனவே நடுப்பகுதியை எந்த நிமிஷத்தில் நிறுத்துகிறார் என்பதுதான் காய்ச்சுபவரின் பெரிய முடிவு. சீக்கிரம் நிறுத்தினால் பழமும் எலுமிச்சையும் இனிப்பும் தூக்கலாக இருக்கும். இன்னும் கொஞ்சம் ஓடவிட்டால் தாரும் சாம்பலும் உள்ளே வரும். லாகவூலின் ஓடவிடும் பக்கம், கால் ஈலா முன்னாடியே நிறுத்தும் பக்கம். ஒரே மால்ட்டிலிருந்து இரண்டு வேறு புகையைப் பிரித்தெடுக்க இது ஒன்றே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

மீதி, கலனின் கட்டமைப்பில் இருக்கிறது. லாகவூலினின் இரண்டாவது கலன்களைக் கிட்டத்தட்ட விளிம்பு வரை நிரப்புகிறார்கள். மேலே ஆவிக்கு இடமே குறைவு. கலனின் கழுத்திலிருந்து குளிர்விக்கும் பகுதிக்குப் போகும் குழாய் செங்குத்தாகச் சரிந்து இறங்குகிறது. ஏறிய கனமான மூலக்கூறுகள் திரும்பிக் கலனுக்குள் விழ வாய்ப்பில்லாமல் நேராக அந்தப் பக்கம் வழிந்துவிடும். கால் ஈலாவின் கலன்கள் மிகப் பெரியவை, ஆனால் பாதிக்கும் குறைவாகவே நிரப்புவார்கள். ஆவி நீண்ட தூரம் ஏற வேண்டும். வழியில் குளிர்ந்த செம்புச் சுவரில் கனமானவை படிந்து சொட்டிக் கீழே விழும், மறுபடி ஏற முயலும், மறுபடி விழும். இலேசானவை மட்டும் கடைசிவரை போய்ச் சேரும். செம்பு வெறும் சுவராக நிற்பதில்லை. சாராயத்தில் இருக்கும் கந்தகச் சேர்மங்களை அது பிடித்துவைத்துக்கொள்கிறது. செம்பைத் தொடும் நேரம் அதிகமாக இருந்தால் கந்தகத்தின் இறைச்சி வாடை குறையும், புகைக்குப் பின்னால் இருக்கும் பழம் தெளிவாகத் தெரியும்.

கால் ஈலாவில் சில சமயம் பீட் புகை போடாத மால்ட்டையும் காய்ச்சுகிறார்கள். அதில் அந்தக் கலன்களின் சொந்தக் குணத்தைப் பார்க்கலாம்: பச்சைப்புல், பழம், இலேசான உடம்பு. புகை அதன் மேல் போர்த்தப்படுகிறது, அவ்வளவுதான். 1970களின் தொடக்கத்தில் அந்த வடிசாலையை இடித்து, இரண்டு கலன்கள் இருந்த இடத்தில் ஆறு வைத்துப் பெரிதாகக் கட்டினார்கள். அப்போதும் பழைய கலன்களின் வடிவத்தையே திரும்பச் செய்தார்கள். வடிவம் மாறினால் விஸ்கி மாறிவிடும் என்ற கவலை அவர்களுக்கு இருந்தது.

வடிவத்தை மட்டும் நகலெடுத்தால் போதாது என்பதற்கும் ஐலாவிலேயே கதை இருக்கிறது. பக்கத்து லாஃப்ரோய்க் வடிசாலையின் விஸ்கியை விற்கும் உரிமை லாகவூலின் முதலாளி பீட்டர் மக்கியிடம் இருந்தது. அது கைவிட்டுப் போனதும் கோபத்தில் 1908இல் தன் வளாகத்துக்குள்ளேயே மால்ட் மில் என்று இன்னொரு வடிசாலை கட்டினார். லாஃப்ரோய்க்கின் கலன்களைப் பார்த்து அதே மாதிரி செய்தார், அங்கே வேலை பார்த்தவரையும் கூட்டிவந்தார். அரை நூற்றாண்டு ஓடியும் அது லாஃப்ரோய்க் ஆகவே இல்லை. இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் இது. எத்தனையோ சின்ன முடிவுகள் ஒன்றாகச் சேர்ந்துதான் ஒரு சுவை உருவாகிறது, அதைச் சுவர் தாண்டித் தூக்கிவர முடியவில்லை.

பீப்பாயைப் பற்றிக் கொஞ்சம்தான் சொல்ல இருக்கிறது. நாலு வருஷக் கூடுதல் வயதும் ஷெர்ரி ஒயின் இருந்த சில பீப்பாய்களும் லாகவூலினுக்கு அந்த உலர்திராட்சை இனிப்பைத் தருகின்றன. வயது ஏற ஏறப் புகை தணியும் என்பதால், நியாயப்படி 16 வயது லாகவூலின்தான் சாதுவாக இருக்க வேண்டும். அப்படியும் 12 வயது கால் ஈலாவை விட அது முரட்டுத்தனமாக இருக்கிறதென்றால் கலனிலிருந்து வந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று பாருங்கள்.

அதே ஐலாவில் புரூக்லாடி வடிசாலை ஆக்டோமோர் என்ற பெயரில் 309 பி.பி.எம். மால்ட்டில் கூட ஒரு விஸ்கி செய்திருக்கிறது. லாகவூலினை விட எண்ணில் ஒன்பது மடங்கு. அங்கே இருப்பவை உயரமான, கழுத்து குறுகிய கலன்கள். குடித்தால் புகை ஒன்பது மடங்கெல்லாம் இல்லை.

இரண்டையும் வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் கால் ஈலாவை முதலில் குடியுங்கள். புகைக்கு மூக்கு சீக்கிரம் பழகி மரத்துவிடும். லாகவூலினுக்கு அப்புறம் குடித்தால் கால் ஈலாவில் புகையே இல்லாதது போல் இருக்கும். அப்புறம் சில சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பியோர்ன் கார்ல்சன், ரான் ஃப்ரீட்மன் இருவரும் 2017இல் கணினி உருவகத்தில் இதை ஆராய்ந்தார்கள். ஆல்கஹால் 59 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது குவாயகால் மூலக்கூறுகள் ஆல்கஹால் சூழ உள்ளேயே அமிழ்ந்திருக்கின்றன. 45க்குக் கீழே இறங்கினால் மேற்பரப்புக்கு வந்து காற்றைத் தொடுகின்றன, இன்னும் தண்ணீர் சேர்த்தால் மேலே இன்னும் கூடுகின்றன. கலனுக்குள் நடந்ததும் இதுதானே: ஆல்கஹால் பிடி தளர்ந்ததும் புகை மேலே வந்தது. கிளாஸில் அது சின்ன அளவில் மறுபடி நடக்கிறது. தண்ணீர் விடுவதானால் இரண்டுக்கும் ஒரே அளவு விடுங்கள். இல்லாவிட்டால் இரண்டும் 43 சதவீதம் என்ற பொதுத்தளம் போய்விடும், ஒப்பிடுவதில் அர்த்தம் இருக்காது.